நாப்கின் கூடத்தில் பத்தாண்டுகள்: பாதுகாப்பு பற்றிக் கற்றுக்கொண்டவை

2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், மழை சற்றே விட்டிருந்த ஒரு முற்பகலில், நாங்கள் நாப்கின் கொடுத்துவந்த பெண்கள் விடுதியின் காப்பாளர் எங்கள் கூடத்துக்கு நேரில் வந்து, பிரித்த பாக்கெட் ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்த ஆறு நாப்கின்களில் இரண்டின் மேல்துணியில், கடுகைவிடச் சிறியதாக, சாம்பலும் கறுப்பும் கலந்த புள்ளிகள் இருந்தன. முகர்ந்து பார்த்தேன், நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தது. அவர் கோபப்படவில்லை. "இதைப் பயன்படுத்திய பிள்ளைக்கு இரண்டு நாளாக அரிப்பு இருக்கிறது. என்ன காரணம் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு நாப்கின்களையும் பார்த்தபடி நாங்கள் பதினோரு பேரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

கடலூர் மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஓர் ஊரில், 2014 முதல் எங்கள் மகளிர் சுய உதவிக் குழு நாப்கின் தயாரிக்கிறது. கோவை அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலை இயந்திரத்தை வடிவமைத்துக் காட்டிய பிறகு தமிழகத்திலும் வெளியிலும் பெருகிய சிறு கூடங்களில் எங்களுடையதும் ஒன்று. மரக்கூழை அரைத்துப் பஞ்சாக்குவது, அச்சில் இட்டு அழுத்துவது, நான்-ஓவன் எனப்படும் நெய்யாத துணியால் மூடி ஓரம் ஒட்டுவது, கடைசியில் புற ஊதா விளக்குப் பெட்டியில் வைத்து எடுப்பது என்ற வரிசையில் வேலை நடக்கும். அந்தக் கடைசிப் படிதான் பாதுகாப்பு என்று ஏழு ஆண்டுகள் நாங்கள் மனதார நம்பியிருந்தோம். நீல வெளிச்சம் எரிகிறதா, பொருள் சுத்தமாகிவிட்டது. இந்த நம்பிக்கைதான் அந்தக் கார்த்திகையில் உடைந்தது.

புகார் வந்த அன்றே செய்ய வேண்டியிருந்த முதல் வேலை, அதே நாளில் தயாரான மற்ற பாக்கெட்டுகளைக் கண்டுபிடித்து நிறுத்துவது. அதை எங்களால் செய்ய முடியவில்லை. பாக்கெட்டில் தயாரித்த மாதம் அச்சிட்டிருந்தோம். ஒன்றாகச் செய்தவற்றை அடையாளம் காட்டும் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இல்லை. எந்தக் கூழ்ச் சுருள், எந்த நாள், யார் இயந்திரத்தில் இருந்தார்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. ஆகவே அந்த மாதம் வெளியே போன பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் கடைகளிலிருந்தும் விடுதியிலிருந்தும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. நல்ல நாப்கின்களும் கெட்டவற்றோடு சேர்ந்து வீணாயின. நான் பிற குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போது முதலில் தொகுதி எண்ணைப் பற்றித்தான் பேசுகிறேன். பலருக்கு அது எழுத்து வேலையாகத் தெரிகிறது. தவறு நேர்ந்த அன்று அது எத்தனை பெண்களிடம் போய்ச் சேராமல் தடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சிறு எண்தான்.

காரணம் தேடியபோது கூழ் வைத்திருந்த மூலைக்குப் போனோம். சுருள்கள் சுவரோடு ஒட்டி, தரையில் விரித்த பிளாஸ்டிக் தாள்மேல் இருந்தன. சுவரில் மழைநீர் ஊறி, சுண்ணாம்பு உப்பியிருந்தது. கூழ்ச் சுருள் வழக்கமாக ஏழு, எட்டு விழுக்காடு ஈரத்தோடு எங்களிடம் வந்து சேரும். தெரிந்த மரக்கடையில் ஈரமானி இரவல் வாங்கிச் சுவர்ப்பக்கத்துச் சுருளில் குத்திப் பார்த்தபோது 14 காட்டியது. அந்த ஈரத்தோடு அரைத்து, அழுத்தி, காற்றுப் புகாத பாலித்தீன் பாக்கெட்டில் அடைத்திருக்கிறோம். பூஞ்சணத்துக்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை. மரக்கூழ் அதற்கு உணவு, உள்ளே சிறைப்பட்ட ஈரம் அதற்கு நீர்.

சந்தேகத்துக்குரிய பாக்கெட்டுகளிலிருந்தும், வறண்ட மாதத்தில் செய்து மிச்சமிருந்த பாக்கெட்டுகளிலிருந்தும் மாதிரி எடுத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் கோயம்புத்தூர் போனேன். சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில் மருத்துவத் துணிகளுக்கென்றே சிறப்பு மையம் இருக்கிறது. அது போன்ற ஆய்வகங்களால் அந்த ஊர் இந்தத் துறைக்குத் தாய்வீடு போல ஆகிவிட்டது. மாதிரிகளை வாங்கிக்கொண்ட அம்மையார் முதலில் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது: "இந்த நாப்கின்களை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தீர்களா, கைக்கு வந்ததை எடுத்து வந்தீர்களா?" அதுவரை நாங்கள் ஆய்வுக்கு அனுப்பியதெல்லாம் வடிவம் நேர்த்தியாக இருந்தவற்றைப் பொறுக்கி எடுத்துத்தான். ஆய்வறிக்கை நாம் அனுப்பிய நாப்கினைப் பற்றித்தான் பேசும். அனுப்பாதவை பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இப்போது வேலை நாளின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று நேரங்களிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது போல மாதிரி எடுக்கிறோம்.

அவரிடம்தான் புற ஊதா விளக்கைப் பற்றிய உண்மையையும் கேட்டேன். கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர் நேரே படும் பரப்பில் மட்டும் வேலை செய்யும். நாப்கினின் மேல்துணிக்கு அடியில், கூழுக்குள், மடிப்பில், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய நாப்கின்களுக்கு நடுவில் அது போய்ச் சேராது. விளக்கும் காலப்போக்கில் தளர்ந்துபோகும். ஏறக்குறைய ஒன்பதாயிரம் மணி நேரத்துக்குப் பிறகு நீல ஒளி கண்ணுக்கு அப்படியே தெரிந்தாலும் கிருமி கொல்லும் கதிர் வெகுவாகக் குறைந்திருக்கும். குழாயின்மேல் படியும் கூழ்த்தூசியும் கதிரை மறைக்கும். ஊருக்குத் திரும்பி எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். குழாய்மேல் விரலால் கோடு இழுக்கும் அளவுக்கு வெள்ளைத் தூசி படிந்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை நாங்கள் துடைத்ததே இல்லை. விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுத்தமாகச் செய்த பொருளுக்கு மேலும் ஒரு காவலாக அது இருக்கலாம். அழுக்காகச் செய்த பொருளை அது சுத்தமாக்கித் தராது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நாப்கினும் டயப்பரும் அறுவைச் சிகிச்சைப் பஞ்சைப் போல முற்றிலும் கிருமி நீக்கப்பட்ட பொருள்கள் அல்ல. அவற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மிகக் குறைவாகவும், தீங்கு செய்யாதவையாகவும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 5405 என்ற தரக்குறிப்பு நாப்கினுக்கென 1969இல் வந்தது. 1980இல் ஒருமுறையும் 2019இல் மறுமுறையும் திருத்தப்பட்டது. பழைய திருத்தம் உறிஞ்சும் திறன், கசிவு, அமில காரத் தன்மை ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம்தான் நுண்ணுயிர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. உயிரணுக்களுக்கு நஞ்சாகிறதா, தோலை எரிச்சலூட்டுகிறதா, ஒவ்வாமை உண்டாக்குகிறதா என்ற சோதனைகளையும் சேர்த்தது. குழந்தைகளின் டயப்பருக்கு ஐ.எஸ். 17509 என்று தனித் தரக்குறிப்பு 2021இல் வந்தது. 2023இல் மத்திய ஜவுளி அமைச்சகம், நாப்கின், குழந்தை டயப்பர் உள்ளிட்ட சில மருத்துவத் துணிப் பொருள்களுக்கு இத்தரத்தைக் கட்டாயமாக்கும் ஆணையை அறிவித்தது. சுய உதவிக் குழுக்களுக்கு விலக்கு கிடைத்தபோது எங்களில் பலர் நிம்மதி அடைந்தார்கள். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. எங்கள் நாப்கினைப் பயன்படுத்தும் பெண்ணின் உடலுக்கு விலக்கு எதுவும் கிடையாதே.

செலவு பிடிக்கும் சோதனைகளை ஆய்வகத்துக்கு விட்டாலும், கூடத்திலேயே செய்யக்கூடியவை சில உண்டு. உறிஞ்சும் சோதனை அவற்றில் முதன்மையானது. நிறம் கலந்த நீர் 30 மி.லி. எடுத்து, நிமிடத்துக்கு 15 மி.லி. வீதம் நாப்கினின் நடுவில் விட வேண்டும். பிறகு அதன்மேல் ஒரு கிலோ எடையை ஒரு நிமிடம் வைக்க வேண்டும். அடியிலும் ஓரங்களிலும் நிறம் தெரியக் கூடாது. இதை எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அக்கா, ஊசியில்லாத மருந்து சிரிஞ்சையும் காபிப் பொடிக் கடையில் வாங்கிய ஒரு கிலோ எடைக்கல்லையும் வைத்து நாள்தோறும் காலையில் செய்கிறார். ஒருநாள் ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. பார்த்தால், ஓரம் ஒட்டும் தகடு ஒரு முனையில் சூடேறவில்லை. அன்று மதியத்துக்குள் சரி செய்தோம். இன்னொன்று, நாப்கினைத் துண்டாக்கிக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, அந்த நீரில், அமில காரத் தன்மையை நிறத்தால் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பார்ப்பது. 6 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. கூழை வெளுக்கப் பயன்பட்ட வேதிப்பொருள் சரியாகக் கழுவப்படாமல் வந்திருந்தால் இதில் அறிகுறி கிடைத்துவிடும்.

ஆனால் நான் நாள்பட நாள்பட உணர்ந்தது, பாதுகாப்பின் பெரும்பகுதி மூலப்பொருள் வாசலிலேயே முடிவாகிவிடுகிறது என்பதைத்தான். நாப்கினில் பஞ்சு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பைன் மரக்கூழ். நீண்ட இழைகள் கொண்ட அந்தக் கூழ் பெரும்பாலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வருகிறது. அதோடு ஜெல் தூள் எனப்படும் சோடியம் பாலிஅக்ரிலேட், மேலே பாலிபுரொப்பிலீன் நான்-ஓவன் துணி, அடியில் பாலித்தீன் தாள், ஒட்டுவதற்குச் சூட்டில் உருக்கித் தடவும் ஹாட் மெல்ட் பசை. இவை ஒவ்வொன்றுக்கும் சுகாதாரப் பொருளுக்கு உகந்த தரம் என்று ஒன்றும், மலிவான மாற்று என்று இன்னொன்றும் சந்தையில் இருக்கின்றன.

ஒரு வியாபாரி பாதி விலையில் கூழ் தருவதாக வந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ரூபாய் நோட்டுச் சரிபார்க்கும் சிறு ஊதா விளக்கு எங்களிடம் இருந்தது. இருட்டறையில் அதைப் பிடித்துப் பார்த்தபோது அவர் கொண்டுவந்த கூழ் முழுதும் நீலமாக ஒளிர்ந்தது, எங்கள் பழைய சுருள் மங்கலாகவே இருந்தது. எழுதும் தாளுக்குப் பளபளப்புத் தரச் சேர்க்கும் வெண்மையூட்டிகள்தான் அப்படி ஒளிரும். அது கழிவுத் தாளிலிருந்து திரும்ப எடுத்த கூழ் என்று ஊகிக்க அதுவே போதுமானதாக இருந்தது. ஒளிர்வதெல்லாம் நஞ்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மை, பசை, பழைய தாளில் இருந்த மற்ற எல்லாவற்றோடும் வரும் கூழை உடலின் மெல்லிய தோலோடு மணிக்கணக்கில் ஒட்டி வைக்கும் பொருளில் போட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. அதன் பிறகு, கூழ் எங்கிருந்து வந்தது, எப்படி வெளுக்கப்பட்டது என்று எழுத்தில் தராத எவரிடமும் வாங்குவதில்லை. குளோரின் வாயுவால் வெளுத்தால் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு மிகச் சிறிய அளவில் உருவாகக்கூடும் என்பதால் உலகின் கூழ் ஆலைகள் பெரும்பாலும் குளோரின் டையாக்சைடு முறைக்கு மாறிவிட்டன. அந்தச் சொல் சான்றிதழில் இருக்கிறதா என்று பார்க்க இப்போது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

ஜெல் தூளைப் பற்றி மக்களிடம் அச்சம் அதிகம். தூய நீரில் தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு உறிஞ்சும். உப்புள்ள நீரில், அதாவது சிறுநீர், இரத்தம் போன்றவற்றில், அத்திறன் பல மடங்கு குறைந்துவிடும். உறிஞ்சியதைப் பிழிந்தாலும் விடாமல் பிடித்து வைப்பதால் தோல் ஈரமின்றி இருக்கிறது, அது நன்மையே. பார்க்க வேண்டியது, வினை முடியாமல் அதில் தங்கிப்போன அக்ரிலிக் அமிலம் எவ்வளவு என்பதும், தூள் மேல்துணியைத் தாண்டி வெளியே உதிர்கிறதா என்பதும். முதலாவதை மூட்டையோடு வரும் ஆய்வறிக்கையில் பார்க்கிறோம். இரண்டாவதைக் கறுப்புத் துணிமேல் நாப்கினை இருபது முறை தட்டிப் பார்க்கிறோம். சர்க்கரை போல மணிகள் விழுந்தால் அந்தத் தொகுதியை நிறுத்திவிடுவோம். தயாரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தரையில் சிந்திய தூளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். எங்களில் ஒருவர் அப்படிச் செய்து வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உலர்ந்தபடியே பெருக்கி அள்ள வேண்டும். நனைந்துவிட்டால் கல்லுப்பைத் தூவினால் ஜெல் நீரை விட்டுச் சுருங்கிவிடும். தூள் பறக்கும் இடத்தில் முகக்கவசம் இல்லாமல் வேலை செய்யவும் கூடாது. பாதுகாப்பு என்பது வாங்குபவரோடு செய்பவருக்கும் உரியது.

வாசனைத் திரவியம் பற்றிய எங்கள் முடிவு சுருக்கமானது. விற்பனைக்கு உதவும் என்று ஒரு முறை மேல்துணியில் சேர்த்தோம், மூன்று பேர் எரிச்சல் என்றார்கள், அன்றோடு விட்டுவிட்டோம். மணம் நாப்கினின் எந்த வேலைக்கும் தேவையில்லை.

உலகில் இந்தத் துறையின் விதிகள் பலவும் ஏதோ ஒரு துயரத்துக்குப் பின்னர் வந்தவை. 1980இல் அமெரிக்காவில், உடலுக்குள் வைக்கும் டாம்பான்களைப் பயன்படுத்திய பெண்களிடையே கிருமியின் நச்சால் உயிருக்கே ஆபத்தாகும் நச்சு அதிர்ச்சி நோய் பரவலாகக் கண்டறியப்பட்டு, மிக அதிக உறிஞ்சுதிறன் கொண்ட ஒரு வகை சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. உறிஞ்சுதிறனை எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலில் அச்சிட வேண்டும் என்ற விதி அதன் தொடர்ச்சியாக வந்தது. 2019 தொடக்கத்தில் பிரான்சின் உணவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ், குழந்தை டயப்பர்களில் சில வேதிப்பொருள்களின் அளவு பாதுகாப்பு வரம்பைத் தாண்டக்கூடும் என்று அறிவித்தது. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் நுண்ணளவு வேதிப்பொருள்களுக்குத் தாமாகவே வரம்புகள் வகுத்துக்கொள்ளும் நிலை வந்தது. 2022இல் டெல்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு இந்தியச் சந்தையில் விற்கும் நாப்கின்களை ஆராய்ந்து, அவற்றில் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் இருப்பதாக வெளியிட்டது. ஒரு பொருள் இருப்பதும் அது தீங்கு செய்யும் அளவில் இருப்பதும் வேறு வேறு என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த அளவைச் சொல்ல வேண்டிய பொறுப்பு தயாரிப்பவருடையது. நியூயார்க் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டம், நாப்கின் உறையில் உட்பொருள்கள் எல்லாவற்றையும் அச்சிடச் சொல்கிறது. சட்டத்துக்குக் காத்திராமல் நாங்கள் எங்கள் பாக்கெட்டின் பின்புறத்தில், பசை உட்பட ஐந்து உட்பொருள்களையும் தமிழில் அச்சிடுகிறோம்.

டயப்பரின் பக்கத்தை நான் அறிந்தது வீட்டில். என் மாமியார் படுக்கையில் இருந்த இரண்டு ஆண்டுகளில், சந்தையில் கிலோக் கணக்கில் எடைபோட்டு விற்கும் உதிரி டயப்பர்களை ஒரு முறை வாங்கிவிட்டேன். உறை இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை. பிரித்துப் பார்த்தபோது ஒரு பக்கம் ஜெல் கட்டியாகவும் மறுபக்கம் வெறும் கூழாகவும் இருந்தது. ஆலையில் கழித்து ஒதுக்கியவை என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் கட்டி அழுத்திய இடத்தில் மூன்றாம் நாள் மாமியாரின் இடுப்புத் தோல் சிவந்து உரியத் தொடங்கிவிட்டது. பெரிய ஆலைகளில் நிமிடத்துக்குப் பல நூறு டயப்பர்கள் ஓடும் வரிசையில் கேமராவும் உலோகம் கண்டறியும் கருவியும் குறையுள்ளதை ஒதுக்கித் தள்ளுகின்றன. அப்படி ஒதுக்கியதே பின்வாசல் வழியாகச் சந்தைக்கு வந்தால் அந்தக் காவலுக்கெல்லாம் பொருளில்லாமல் போகிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் உறையில்லாத டயப்பரை வாங்காதீர்கள் என்று, கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லி வருகிறேன். புது வகையை வாங்கும்போது ஒன்றைப் பிரித்து, அரை மணி நேர இடைவெளியில் மூன்று முறை அரைத் தம்ளர் உப்புநீர் ஊற்றி, மேலே உலர்ந்த தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். தாள் நனைந்தால் தோலும் நனைந்துதான் இருக்கும்.

நல்ல பொருளும் பயன்பாட்டில் கெடும். பள்ளிக்குப் போய்ப் பேசும்போது மாணவிகளிடம் நான் வலியுறுத்துவது, நாப்கின் நிரம்பாவிட்டாலும் ஐந்தாறு மணிக்கு ஒரு முறை மாற்றுவதையும், பிரித்த பாக்கெட்டைக் குளியலறையில் வைக்காமல் இருப்பதையும்தான். ஈரச்சுவரோடு நாங்கள் கூழை வைத்ததும் ஈரக் குளியலறையில் பாக்கெட்டை வைப்பதும் ஒரே தவறு. அரிப்போ தடிப்போ வந்தால், மிச்ச நாப்கின்களையும் உறையையும் எறிந்துவிடாமல் வைத்திருந்து தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். உறையில் முகவரியும் தொகுதி எண்ணும் இல்லையென்றால், அதை மறுமுறை வாங்காமல் இருக்க அந்த ஒரு காரணம் போதும். பயன்படுத்தியதைச் சுற்றி அப்புறப்படுத்த உறை தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் தயாரிப்பாளரைக் கேட்டன. அந்த உறை இல்லாமல் விற்றால் தூய்மைப் பணியாளரின் வெறுங்கை அதைத் தொட நேர்கிறது.

இப்போது எங்கள் கூடத்தில் கூழ்ச் சுருள்கள் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி மரப்பலகைமேல் நிற்கின்றன. சொந்தமாக ஈரமானி வாங்கிவிட்டோம். ஈரம் பத்தைத் தாண்டினால் அன்று அரைவை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்கள் வேலை இல்லாமலே போகிறது, அந்த நாள்களுக்கான கூலியைக் கோடை வருமானத்திலிருந்து ஒதுக்கி வைக்கிறோம். தலையுறையும் கைக்கழுவலும் இல்லாமல் யாரும், நான் உட்பட, உள்ளே போவதில்லை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மூன்று பாக்கெட்டுகள் இரும்பு அலமாரியில் இரண்டு ஆண்டுகள் இருக்கும். விடுதிக் காப்பாளர் ஆண்டுக்கு ஒரு முறை வருவார். அலமாரியிலிருந்து தமக்குத் தோன்றிய ஒரு பாக்கெட்டை எடுத்து, எங்கள் எதிரிலேயே பிரித்து, முதலில் முகர்ந்து பார்ப்பார். போன மாசியில் அவர் எடுத்தது அதற்கு முந்தைய ஆண்டு மழைக்காலத்தின் கடைசித் தொகுதி. ஆறையும் சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, பேரேட்டில் கையெழுத்துப் போட்டார்.